அம்பாளும் ஆண்டாளும்: ஒரு மூக்குப்பொடிப் பெயர் வழக்கு

ஸ்ரீ அம்பாள் – ஸ்ரீ ஆண்டாள் வழக்கு என்பது மூக்குப்பொடி வணிகர்கள் இருவருக்கிடையே எழுந்து, 1969ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்திய உச்சநீதிமன்றத்தில் முடிந்த வணிகக்குறி வழக்காகும். கே. ஆர். சின்னகிருஷ்ண செட்டியார் மேல்முறையீட்டாளர். சென்னையைச் சேர்ந்த ஸ்ரீ அம்பாள் அண்டு கம்பெனி எதிர்த்தரப்பு. ஒலியில் நெருங்கிய இரண்டு பெயர்களை ஒரே சரக்குக்கு இரண்டு வணிகர்கள் வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இந்திய நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்புகளில் இது ஒன்று. இரண்டும் தெய்வப் பெயர்கள் என்பதும், இரண்டையும் தமிழர் அன்றாடம் உச்சரிக்கிறார்கள் என்பதும் வழக்கைச் சிக்கலாக்கின.

பொதுப் பெயர்களும் தனி உரிமையும்

சென்னைக்கு மேற்கே திருவேற்காடு, அயனம்பாக்கம், அம்பத்தூர் பக்கம் கடைப் பலகைகளைப் பார்த்தால் அம்மன் பெயர் தாங்கிய மளிகைக் கடை, வெல்டிங் பட்டறை, ஹார்டுவேர் கடை, டீக்கடை எனப் பலவும் கண்ணில் படும். திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் அருகில் இருப்பதால் அங்கே அந்தப் பெயர் மிகுதி. திருச்செந்தூரில் முருகன் பெயரும் மதுரையில் மீனாட்சி பெயரும் அப்படியே. குலதெய்வம், ஊர்த்தெய்வம், தாத்தா பாட்டி பெயர், சொந்த ஊர்ப் பெயர் ஆகியவையே தமிழ்நாட்டு வணிகர் தம் கடைக்குப் பெயர் தேடும் இடங்கள். இவை ஊருக்கே பொதுவானவை. பக்கத்துத் தெருவில் இன்னொருவர் அதே அம்மன் பெயரில் கடை திறந்தால் பெரும்பாலும் யாரும் சண்டைக்குப் போவதில்லை.

வணிகக்குறிச் சட்டம் வேறொரு வழியில் வந்தது. இங்கிலாந்தில் 1842இல் வந்த பெர்ரி – ட்ரூஃபிட் வழக்கில், ஒருவர் தம் சரக்கை இன்னொருவருடைய சரக்கு என்று தோன்றும்படி விற்கக்கூடாது என்ற விதி தெளிவாகச் சொல்லப்பட்டது. இதுவே பின்னர் ‘பாஸிங் ஆஃப்’ என்ற வழக்கு வகையாக வளர்ந்தது. 1875இல் அங்கே பதிவுச் சட்டம் வந்தது. 1876 ஜனவரி 1 அன்று பாஸ் மதுபானக் கம்பெனியின் சிவப்பு முக்கோணம் முதல் எண்ணைப் பெற்றது.

இந்தியாவில் பதிவுச் சட்டம் 1940இல் இயற்றப்பட்டு 1942 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தம் குறியைக் காத்துக்கொள்ள நினைத்த வணிகர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓர் உரிமை அறிவிப்பைப் பதிந்துவைப்பதும், செய்தித்தாளில் எச்சரிக்கை விளம்பரம் கொடுப்பதும் வழக்கம். 1940ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடுத்து 1958ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதற்கு அடிப்படையான அறிக்கையை 1955இல் அளித்தவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார். பின்னர் உச்சநீதிமன்றத்துக்குச் சென்ற அவர், எர்ணாகுளத்து மருந்து நிறுவனம் ஒன்றின் ‘நவரத்னா’ பெயர் குறித்த வழக்கில் 1964இல் எழுதிய தீர்ப்பு மாணவர்கள் படிக்க வேண்டிய ஒன்று. பதிவு பெற்ற குறியின் முக்கியக் கூறு எடுத்தாளப்பட்டிருந்தால், உறையிலும் நிறத்திலும் வேறுபாடு காட்டி எதிராளி தப்ப முடியாது. பதிவில்லாத குறிக்காகத் தொடுக்கும் ‘பாஸிங் ஆஃப்’ வழக்கிலோ, அத்தகைய வேறுபாடுகளைக் காட்டித் தப்ப வழியுண்டு. பதிவுச் சான்றிதழுக்கு வணிகர்கள் இவ்வளவு மதிப்புக் கொடுப்பது இதனால்தான்.

பொடிக்கடையில் கேட்கும் பெயர்

மூக்குப்பொடி இன்று அருகிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது தமிழ்நாட்டின் பெரிய சில்லறைச் சரக்குகளில் ஒன்று. வறுத்து இடித்த புகையிலையில் நெய்யும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த சென்னைப் பொடிக்குப் ‘பட்டணம் பொடி’ என்று பெயர். டி. ஏ. எஸ். ரத்தினம் பட்டணம் பொடி போன்ற பெயர்கள் ஒரு தலைமுறைக்கு வீட்டுப் பெயர்களாகவே இருந்தன. வாங்குபவர் காய்ந்த வாழைப்பட்டையில் மடித்த பொடிமட்டையாக வாங்குவார், அல்லது கையில் கொண்டுவந்த டப்பியில் நிரப்பித் தரச் சொல்வார்.

சரக்கைப் பார்த்து ஒரு பொடியை இன்னொரு பொடியிலிருந்து பிரித்தறிவது கடினம். எல்லாம் பழுப்புத் தூள்தான். வாடிக்கையாளர் கடைக்காரரிடம் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். 1961 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றோர் 28.3 விழுக்காட்டினர் மட்டுமே. லேபிளைப் படிக்க முடியாதவருக்குப் பெயர் என்பது காதில் விழுந்த ஓர் ஒலி, அதோடு மங்கலாக நினைவில் நிற்கும் ஒரு படம். பெயர் கெட்டால் வியாபாரம் கெடும் என்ற நிலை, துணிக்கோ பாத்திரத்துக்கோ இருந்ததைவிடப் பொடிக்கு அதிகம் இருந்தது.

இரண்டு லேபிள்கள்

ஸ்ரீ அம்பாள் கம்பெனியிடம் பதிவு பெற்ற குறிகள் இரண்டு இருந்தன. 126808 என்ற எண்ணுள்ள குறி ஒரு லேபிள். நீரில் மிதக்கும் உருண்டை உலகின்மேல் அம்பாள் வீற்றிருப்பாள். சுற்றி வட்டச் சட்டம். மேலே ‘ஸ்ரீ அம்பாள் பரிமள ஸ்னஃப்’ என்றும், கீழே கம்பெனியின் பெயரும் சென்னை என்ற முகவரியும் இருக்கும். 146291 என்ற எண்ணுள்ள மற்றொரு குறியில் படம் ஏதுமில்லை. ‘ஸ்ரீ அம்பாள்’ என்ற சொற்களே அந்தக் குறி.

சின்னகிருஷ்ண செட்டியார் 1958 மார்ச் 10 அன்று தம் லேபிளைப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். புகையிலைப் பொருள்களுக்குரிய 34ஆம் வகுப்பில், சென்னையில் தயாரிக்கப்படும் மூக்குப்பொடிக்காக அவர் அதைக் கோரினார். அவருடைய லேபிளில் மூன்று கட்டங்கள். இரு ஓரக் கட்டங்களிலும் ‘ஸ்ரீ ஆண்டாள் மெட்ராஸ் ஸ்னஃப்’ என்ற பொருள்படும் சொற்கள் தமிழ், தேவநாகரி, தெலுங்கு, கன்னடம் ஆகிய எழுத்துகளில் இருந்தன. நடுக்கட்டத்தில் ஆண்டாள் படமும் ‘ஸ்ரீ ஆண்டாள்’ என்ற பெயரும். நான்கு எழுத்துகளில் அச்சிட்டிருப்பதே இந்தப் பொடி எவ்வளவு தூரம் போக எண்ணப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

அம்பாள் கம்பெனி எதிர்ப்புத் தெரிவித்தது. பதிவாளர் அலுவலகத்தில் தொடங்கிய சச்சரவு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. உயர்நீதிமன்றம் ஆண்டாள் லேபிளைப் பதிய இடமில்லை என்று முடிவு செய்தது. செட்டியார் டெல்லிக்குப் போனார்.

காதுக்கு ஒரு சோதனை

உச்சநீதிமன்றத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பச்சாவத். இரண்டு லேபிள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒற்றுமை இல்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். வட்டச் சட்டமும் மூன்று கட்டமும் ஒன்றல்ல, உலகின்மேல் அமர்ந்த தேவியும் ஆண்டாளும் ஒன்றல்ல. ஆனால் கண்ணால் ஒப்பிடுவதே முடிவான சோதனை ஆகாது, காதாலும் ஒப்பிட வேண்டும் என்றார். ‘ஸ்ரீ’ எல்லோரும் பயன்படுத்தும் ஒட்டு. அதை நீக்கினால் ஒருபுறம் அம்பாள், மறுபுறம் ஆண்டாள். வாடிக்கையாளர் நினைவில் தங்குவதும் கடையில் கேட்பதும் இந்தச் சொற்களைத்தான். இரண்டும் ஒலியில் மிக நெருக்கமானவை, ஆகவே குழப்பம் நேரும் என்பது தீர்ப்பு.

இதற்குத் துணையாகத் தீர்ப்பு கடல் கடந்த வழக்குகளையும் பார்த்தது. கோகோ கோலாவுக்கும் பெப்சி கோலாவுக்கும் கனடாவில் நடந்த வழக்கில் ‘கோலா’ பொதுச்சொல் என்று கண்டு, பெப்சிக்குச் சாதகமாக 1942இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருந்தது. ‘கோகோ’வையும் ‘பெப்சி’யையும் யாரும் மாற்றிக் கேட்கமாட்டார்கள். அதே வழியில் ‘ஸ்ரீ’யைக் கழித்துப் பார்த்தால் அம்பாளும் ஆண்டாளும் அப்படிப் பிரிந்து நிற்கவில்லை என்றது உச்சநீதிமன்றம். இன்னொன்று விக்ஸ் வேப்போரப் கம்பெனி ஜமைக்காவில் நடத்திய வழக்கு. கூடவே ஒரு படம் இருப்பதால் மட்டும் சொல்லின் ஒற்றுமை மறைந்துவிடாது என்பதற்கு அது பயன்பட்டது.

உண்மையில் யாராவது ஏமாந்தார்களா என்று கேட்கலாம். அதற்குச் சான்று எதுவும் இல்லை. செட்டியாரின் வியாபாரம் நெடுங்காலம் நடக்காததால் அப்படி இருக்கலாம் என்று கூறி நீதிமன்றம் அதைக் கடந்துசென்றது. பதிவு வழக்குகளில் ஏமாற்றம் நடந்ததாகக் காட்டத் தேவையில்லை, நடக்கக்கூடும் என்பதே போதும்.

அம்பாளை அறியாத வாடிக்கையாளர்

செட்டியார் தரப்பின் வலுவான வாதம் எளிமையானது. அம்பாள் சிவனின் தேவி. ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்து அரங்கனை அடைந்த வைணவப் பெண் அடியார், பின்பு தெய்வமாக வணங்கப்படுபவர். தென்னாட்டு இந்து ஒருவர் இந்த இருவரையும் ஒருநாளும் குழப்பிக்கொள்ளமாட்டார். சைவ வைணவ வேறுபாடு தெரிந்த ஊரில் இது வாதமே தேவைப்படாத உண்மை.

நீதிமன்றம் இந்த உண்மையை மறுக்கவில்லை. வாடிக்கையாளர் யார் என்ற கேள்வியைத்தான் அது மாற்றிக் கேட்டது. அம்பாள் பொடியை வாங்குபவர்கள் இந்துக்கள் மட்டுமில்லை. கிறிஸ்தவர், முஸ்லிம், பார்சி எனப் பலரும் அதை வாங்கினர். வியாபாரமும் தென்னிந்தியாவோடு நிற்கவில்லை. வெளியூர்க்காரருக்கு இரண்டு சொற்களின் பொருள் வேறுபாடு தெரியாது. அவர் மனத்தில் இருப்பது ஓர் ஒலியும், அருள் பொழியும் ஒரு தேவியின் மங்கலான உருவமும்தான். சைவத் தேவியா வைணவத் தேவியா என்ற நுட்பம் அவருக்கு எட்டாது. மேல்முறையீடு தள்ளுபடி ஆனது.

தமிழ் எழுத்திலும் தமிழ் ஒலியிலும் ‘அம்பாள்’ குறிலில் தொடங்குகிறது, ‘ஆண்டாள்’ நெடிலில் தொடங்குகிறது. அடுத்து வரும் ம்பகரமும் ண்டகரமும் மெல்லினமும் வல்லினமும் சேர்ந்த இணைகள் என்ற அளவில் ஒத்தவை, ஆனால் பிறப்பிடத்தால் வேறு: ஒன்று உதட்டில், மற்றது நாக்கு வளைந்து அண்ணத்தில். தமிழ்க் காதுக்கு இவை சேய்மையான ஒலிகள். ஆங்கில எழுத்தில் எழுதும்போதோ குறில் நெடில் வேறுபாடு மறைந்து, ஐந்தெழுத்துச் சொல்லில் நடுவே இரண்டு எழுத்துகள் மட்டும் மாறுகின்றன. வழக்கு நடந்த மொழியும் ஆங்கிலமே. பெயர்கள் ‘மிக நெருக்கமானவை’ என்று தோன்றியதில் இதற்கும் பங்கு இருந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. எனினும் தீர்ப்பைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. இந்தியாவெங்கும் விற்கும் சரக்குக்குத் தமிழ்க் காது ஒன்றே அளவுகோல் ஆகாது.

இதிலிருந்து வரும் விளைவு சின்ன வணிகருக்குக் கடுமையானது. ஒருவருடைய சந்தை எவ்வளவு தூரம் பரவுகிறதோ, அவ்வளவுக்கு அவர் வாங்கும் பெயரின் வேலியும் அகல்கிறது. மயிலாப்பூரில் மட்டும் விற்கும் பொடியாக அம்பாள் இருந்திருந்தால், ஆண்டாளுக்கு இடம் கிடைத்திருக்கக் கூடும்.

பெயரின் பொருளை வாங்குபவர் ஆராய்வதில்லை என்ற கருத்து இந்த வழக்கில் முதலில் தோன்றியதன்று. 1962இல் ‘அம்ருத்தாரா’, ‘லக்ஷ்மண்தாரா’ என்ற இரண்டு மருந்துகளைப் பற்றிய வழக்கில் இதே நீதிமன்றம் அதைச் சொல்லியிருந்தது. முன்னது அமுத தாரை, பின்னது லக்ஷ்மண தாரை. பொருளில் தொடர்பே இல்லை. ஆனால் கிராமத்திலோ நகரத்திலோ மருந்து வாங்குபவர் சொல்லைப் பிரித்துப் பொருள் பார்க்கமாட்டார், மொத்த ஒலியையே நினைவில் கொள்வார் என்றது தீர்ப்பு. அங்கே லக்ஷ்மண்தாராக்காரர் முழுதும் தோற்கவில்லை. 1923 முதல் அவர் விற்றுவந்ததை எதிர்த்தரப்பு பொறுத்துக்கொண்டிருந்ததால், உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் விற்கப் பதிவு கிடைத்தது. ஆண்டாள் பொடிக்கு அத்தகைய சலுகை எதுவும் வாய்க்கவில்லை.

பிந்தைய வழக்குகளில் தெய்வப் பெயர்

1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வணிகக்குறிச் சட்டத்திலும் ‘குழப்பம் நேரக்கூடுமா’ என்ற கேள்வியே நடுநாயகம். அதே நாளில் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. 2021இல் அது கலைக்கப்பட்ட பின் அந்த வழக்குகள் உயர்நீதிமன்றங்களுக்குத் திரும்பின. சென்னை உயர்நீதிமன்றத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு 2023 முதல் இயங்குகிறது.

இக்காலத்தில் நீதிமன்றங்களின் போக்கு சற்றுத் தளர்ந்திருக்கிறது. ‘ராமாயண்’ என்ற பெயரில் ஊதுபத்தி விற்கத் தனியுரிமை கேட்டவரிடம், மறைநூலின் பெயரை எந்த ஒருவரும் தம் சரக்குக்குத் தனியாக்கிக்கொள்ள முடியாது என்று உச்சநீதிமன்றம் 2015இல் கூறியது. கர்நாடகப் பால் கூட்டமைப்பின் ‘நந்தினி’ பால் 1985 முதல் விற்கிறது. பெங்களூரின் ‘நந்தினி டீலக்ஸ்’ உணவகங்கள் 1989 முதல் உள்ளன. உணவகம் தன் பெயரைப் பதியக்கூடாது என்று கூட்டமைப்பு வழக்காடியது. ‘அம்பாள்–ஆண்டாள்’ இணையைவிட இங்கே ஒலி ஒற்றுமை அதிகம், கிட்டத்தட்ட ஒரே சொல். ஆனாலும் 2018இல் உணவகமே வென்றது. நந்தினி புராணத்துப் பசுவின் பெயர், தேவியின் பெயர், புதிதாய்ப் படைத்த சொல்லன்று என்பது ஒரு காரணம். பாலும் சாப்பாடும் வேறு வேறு சரக்கு என்பதும், பசுப் படமும் விளக்குப் படமும் வேறு என்பதும் மற்ற காரணங்கள். பால் பொருள்களை மட்டும் உணவகம் தன் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. அம்பாளும் ஆண்டாளும் விற்றதோ ஒரே பொடி.

தெய்வப் பெயரே இல்லாத வழக்கிலும் பொதுச்சொல்லுக்கு வேலி போடுவது எளிதாக இல்லை. ஐ.டி.சி.யின் ‘மேஜிக் மசாலா’ நூடுல்ஸும் நெஸ்லேயின் ‘மேஜிக்கல் மசாலா’ நூடுல்ஸும் சென்னை உயர்நீதிமன்றத்தில் மோதியபோது, அது புகழ்ச்சொல் மட்டுமே என்று கூறி 2020இல் ஐ.டி.சி.யின் வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது. இரண்டு பெரிய கம்பெனிகளுக்கும் அதனால் பெரிய இழப்பு எதுவும் நேர்ந்துவிடாது. 1958இல் விண்ணப்பித்துப் பதினோரு ஆண்டு அலைந்த ஒரு பொடி வணிகருக்கு நேர்ந்தது வேறு.

பெயரைப் பொதுவில் வைத்துக்கொண்டே காக்கும் வழி ஒன்றும் 1999இல் சட்டமானது. அது புவிசார் குறியீட்டுச் சட்டம். இந்தியா முழுவதற்குமான அதன் பதிவகம் சென்னையில் இருக்கிறது. வணிகக்குறி ஒரு நிறுவனத்துக்குப் போகும். புவிசார் குறியீட்டை ஓர் ஊரில் ஒரு பொருளை முறைப்படி செய்வோர் யாவரும் அனுமதி பெற்றுப் பயன்படுத்தலாம், வெளியூர்க்காரர் பயன்படுத்தக் கூடாது. பழனிப் பஞ்சாமிர்தம் 2019இல் இந்தப் பதிவைப் பெற்றது. அதே ஆண்டில் ஆண்டாளின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாவும் பெற்றது. அங்கே கோயிலைச் சுற்றிப் பால்கோவா விற்கும் கடைகள் பல. அவற்றின் பலகைகளில் ஆண்டாள் பெயரும் உண்டு.